எங்களுக்கு ஏன் வரி போடவில்லை

1

ஊர்க் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டப் போகிற புண்ணியவானுக்கு முதலில் ஒரு வார்த்தை. சத்தமாகப் படிக்கவும். பின்வரிசைக்காரர்கள் பாதியில் எழுந்துபோய் வெற்றிலை போட்டுவிட்டு வந்து, "இன்னா சொன்னான்?" என்று கேட்பார்கள். அவர்களுக்காகத் திரும்பப் படிக்க வேண்டாம். இருபது வருஷம் ஆனாலும் அவர்கள் மாறியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் குப்பண்ணனின் தம்பி சாமிக்கண்ணு. பழவேற்காட்டில் கப்பலேறி ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்கு வந்து இந்த வாடைக் காற்றோடு இருபது வருஷம் முடிகிறது. ஒல்லாந்துக்காரர் நம் ஊரில் கட்டியிருக்கும் கோட்டை ஓர் உப்புப் பானை என்றால், இங்கே கட்டியிருப்பது ஓர் உப்பளம். அந்தக் கோட்டைக்கு வெளியே, துறைமுகத்தை ஒட்டிய மீன் ஏலக் கடையில் விலை கூவுகிறேன். என் மனைவி தேசம்மா வீட்டு வாசலில் சுறாப் புட்டு செய்து விற்கிறாள். மகள் நாகுவுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவள்.

இன்று காலை சதுக்கத்தில் மணி அடித்து, துரைத்தனத்தார் இந்த வருஷத்து வரவு செலவைப் படித்தார்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது. கிராம்பை வாங்க ஆள் இல்லை. சர்க்கரை ஆலைகள் பாதி மூடிக் கிடக்கின்றன. ஆகையால் தெருவிளக்கு பாதி, பீரங்கி மரியாதை பாதி என்று செலவைக் குறைத்துவிட்டு, வரவுக்குப் புதுசு புதுசாக வரி போட்டிருக்கிறார்கள். வண்டிக்கு வரி, குடைக்கு வரி, கடிகாரத்துக்கு வரி, வெள்ளிப் பொத்தானுக்கு வரி. கேட்டவுடனே ஊர் முழுக்க ஒரே புலம்பல். எங்கள் தெருமுனைச் சீனக் கடைக்காரர் ஓடிப்போய் மேசைக் கடிகாரத்தை எடுத்து அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்தார். நான் அரிசி வாங்கப் போன நேரம் பீப்பாய் பத்து முறை அடித்தது. அவர் இருமினார். நானும் கூட இருமினேன். அரிசியை அளந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்லாரும் புலம்புகிறார்கள், நான் மட்டும் சும்மா நிற்கிறேன். என்னிடம் வண்டி, குடை, கடிகாரம் எதுவும் இல்லை. பொத்தான் வைத்த சட்டையே இல்லை. இதற்கு ஒருவன் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? எனக்குப் பயமாகிவிட்டது.

ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குப்பண்ணன் கடைசியாகக் கடிதம் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அதில், ஊரிலும் கையிருப்பு வற்றிவிட்டது, கடல் தாண்டிப் போனவர்களின் பெயரைத் தலைக்கட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று சிலர் பேசுகிறார்கள், அடுத்த குலுக்கலில் முடிவாகும் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு வரி கூட வரவில்லை. என் பெயர் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? இருபது வருஷத்தில் இந்த இரண்டு வருஷம் போல நான் கப்பல்களை எண்ணியதில்லை.

2

அந்தக் காலத்தில் பிறக்காதவர்கள் இப்போது மீசையோடு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

எனக்குக் கல்யாணமாகிப் பத்து நாள் இருக்கும். கல்யாணமான ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஊர் வரி உண்டு. வரி கட்டுகிறவனுக்கு ஏரியில் பாடு உண்டு. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைக்கிறோமே, அந்தப் பாடு. ஆகவே பத்து நாளாக நான் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தேன்.

ஆனால் காலம் மகா மோசம். இரண்டு வருஷமாகத் துணி வாங்கக் கப்பல் வரவில்லை. நெசவாளர் தெருவில் தறிச் சத்தம் நின்றுபோய், அந்த வழியாகப் போனால் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். சாயத் தொட்டிகளில் தவளை. பொன்னேரிச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோன மீனை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். திருப்பாலைவனத்துக்காரர்கள் நெல்லுக்கு மீன் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குப்பத்தில் எல்லா வீட்டிலும் மூன்று வேளையும் மீன்தான், சோறு கிடையாது. மீனைத் தொட்டுக்கொண்டு மீன் தின்றோம்.

அப்போதுதான் கோட்டை வாசலில் தமுக்கு அடித்தார்கள். துபாஷி ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, துரை எழுதிக் கொடுத்ததைத் தமிழில் படித்தார். சிப்பாய்களுக்குச் சாராயம் பாதி. கொடியேற்றும்போது வேட்டு கிடையாது. குடை பிடித்தால் வரி. பல்லக்கில் ஏறினால் வரி. குதிரை, பொய்முடி, நிலைக்கண்ணாடி, கடிகாரம் என்று நாற்பது சாமானுக்கு மேல் வரி. அவர் படித்து முடிக்கிற வரை நம் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

பிறகு பழவேற்காடு இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே. பள்ளிவாசல் தெருவில் பெரிய வியாபாரிகள் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். மடித்த குடைக்கும் வரி உண்டா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே கறுத்துப் போனார்கள். கோட்டைக்குள் எழுத்து வேலை பார்க்கிற வெள்ளைக்காரர்கள் பொய்முடியைக் கழற்றினார்கள். கழற்றியதும் யார் யாரென்று அடையாளம் தெரியவில்லை. காவல்காரன் சின்னத் துரையையே வாசலில் நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டான் என்று பேச்சு. கண்ணாடி வைத்திருந்தவர்கள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். ஊர் முழுக்க எங்கே பார்த்தாலும் இரண்டு பேர் நின்று வரியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் குப்பம் மட்டும் கம்மென்று இருந்தது. மூன்றாம் நாள், அப்போது ஊர்த்தலைவராக இருந்த நாட்டார் எல்லையா கூட்டம் போட்டார். பட்டியல் முழுவதையும் நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக நினைவுபடுத்திச் சொல்லிப் பார்த்தோம். தோணிக்கு வரி இல்லை. வலைக்கு வரி இல்லை. மீனுக்கு இல்லை, கருவாட்டுக்கு இல்லை. எங்கள் பெயரே எங்கும் இல்லை.

கூட்டத்தில் எல்லாரும் பயந்துவிட்டோம். ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்புதான், வலையைத் திருடிய ஒருவனை ஊர்விலக்கு வைத்திருந்தோம். ஊர்விலக்கு என்றால் என்ன? அவனிடம் ஊர் வரி வாங்க மாட்டோம். வரி வாங்கவில்லை என்றால் அவன் இந்த ஊர் ஆள் இல்லை. அவனுக்குப் பாடு கிடையாது, நெருப்பு கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஆள் கிடையாது. துரை எங்களிடம் வரி கேட்கவில்லை. அப்படியானால் துரை எங்களை விலக்கி வைத்துவிட்டார். நாளைக்கே ஏரியை வேறு யாருக்காவது பாடு பிரித்துக் கொடுத்துவிடுவார்.

இதில் எங்கே தவறு என்று இன்று கேட்டால் பத்து காரணம் சொல்வேன். அன்றைக்கு எனக்கும் ஒரு தவறும் தெரியவில்லை. வரி வேண்டும் என்று கேட்கக் கோட்டைக்கு நாற்பது பேர் போனோம்.

துபாஷி வெளியே வந்தார். நாட்டார் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு வரி எங்கய்யா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. சந்தோஷமா வூட்டுக்குப் போங்க."

"நாங்க இன்னா தப்பு பண்ணோம்? அதச் சொல்லிடுங்க."

துபாஷி உள்ளே போய்த் துரையிடம் சொன்னார். துரை அவரைத் திருப்பி அனுப்பி, சரியாகக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். நாங்கள் சரியாகவே சொன்னோம். மூன்றாவது முறை துரையே இறங்கி வந்தார். வரி வேண்டாம் என்று கேட்க வருகிற கூட்டத்துக்காகத் தயாராக இருந்தவர் போலிருக்கிறது, பக்கத்தில் துப்பாக்கியோடு ஆறு சிப்பாய்கள். உங்களிடம் குடை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, ஆனால் வரியைப் போடுங்கள் என்றோம். பல்லக்கு? இல்லை, போடுங்கள். பொய்முடி? நாட்டார் தன் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டி, அதையும் போடுங்கள் என்றார். துரை ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு துபாஷியிடம் ஏதோ சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றார் துபாஷி.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம். வரிக்கு ஒரு கூடை கருவாடு என்று பேச்சு. திரும்பி வரும்போது நாற்பது பேரும் பள்ளிவாசல் தெரு வழியாக, வேண்டுமென்றே மெதுவாக, வரியைத் திட்டிக்கொண்டு வந்தோம்.

3

இப்போது பத்தாவியா. இதை எழுத ஆரம்பித்து மூன்று நாள் ஆகிவிட்டது. நேற்று நான் செய்த காரியத்தைத் தேசம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். இங்கிருந்து வருகிற மாலுமிகள் வாயால் உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏலம் முடிந்ததும் நேராக வரி எழுதுகிற கச்சேரிக்குப் போனேன். முதல் ஜன்னலில் நின்றால் இரண்டாவது ஜன்னல் என்றார்கள். இரண்டாவதில், வெளியூர்க்காரருக்குப் பின்வாசல் என்றார்கள். பின்வாசலில் இருந்த ஆள், எந்தப் பேட்டை என்று எழுதிய சீட்டு வேண்டும், அது முதல் ஜன்னலில் கிடைக்கும் என்றான். முதல் ஜன்னல் சாப்பிடப் போயிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் வரியைக் குறைக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

இன்னொரு சங்கடம். எனக்குத் தெரிந்த மலாய் மொத்தமும் ஏலக் கடை மலாய். எண்ணும் மீன் பெயரும் தெரியும், நல்ல சரக்கு, அழுகல் சரக்கு, சீக்கிரம் எடு என்பதெல்லாம் தெரியும். ஆனால் அந்த மொழியில் மெதுவாகப் பேச எனக்கு வராது. வாயைத் திறந்தால் கூவல்தான். குமாஸ்தாவின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று, எனக்கு வரி உண்டா என்று துறைமுகத்துக்கே கேட்கிற மாதிரி கூவினேன். கச்சேரி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

குமாஸ்தா நல்ல பையன். ஒவ்வொன்றாகக் கேட்டான். வண்டி உண்டா? இல்லை. குடை? இல்லை. கடிகாரம்? பொத்தான்? ஓடு வேய்ந்த வீடு? கீற்று என்றேன். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உனக்கு ஒன்றும் இல்லை தாத்தா, வீட்டுக்குப் போ என்றான். பின்னால் நின்ற ஒரு பெரிய மனிதர், கொடுத்துவைத்த ஆள் என்று என் முதுகில் தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது வருஷமாக இந்த ஊர் மீனுக்கெல்லாம் விலை சொன்னவன், எனக்கென்று எழுத இங்கே ஒரு வரி இல்லை. அங்கேயும் பெயரை அடித்துவிட்டிருந்தால் நான் எந்த ஊர்க்காரன்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். தேசம்மா புட்டைக் கிளறிக்கொண்டே கேட்டாள். கடைசியில் கரண்டியை வைத்தாள்.

"ஏன்யா, வரி போடலன்னு அழுத ஆம்பள இந்தத் தீவுலயே நீ ஒருத்தன்தான்யா."

நாகுவுக்கு இது எதுவும் புரியவில்லை. அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மலாயில் சண்டை போடுகிறாள், போர்த்துகீசில் பாட்டு பாடுகிறாள், பசித்தால் மட்டும் தமிழ் பேசுகிறாள். பழவேற்காட்டைப் பற்றி நான் ஆரம்பித்தாலே அவளுக்குக் கொட்டாவி வருகிறது. ஏரி பெரியது என்றால், கடலை விடவா என்கிறாள். உப்புக்காற்று என்றால், இங்கேயும் அதுதானே என்கிறாள். நான் சொல்கிற எதுவும் இங்கே இல்லாததாக இல்லை. பட்டியலில் என் பெயர் போய்விட்டால், இவளிடம் என்னவென்று சொல்லி அந்த ஊரைக் காட்டுவேன் என்பதுதான் எனக்கு இரவு பகலாக இருக்கிற கவலை.

4

விட்ட இடத்துக்கு வருகிறேன். எடுத்துக்கொண்டு வந்த வரிகளை எப்படிப் பங்கு வைப்பது? பாடு பிரிக்கிற மாதிரிதான். ஓலை நறுக்கில் ஒவ்வொரு வரியாக எழுதி, பானையில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுத்தோம். வருஷம் முடிந்தால் மறுபடி குலுக்கல். மூப்பு, இளமை, நாட்டார் மகன் என்கிற பேச்சே கிடையாது.

சீட்டு எடுத்த கையோடு அடுத்த பிரச்சினை. ஒரு இடத்துக்கு வரி கட்டுகிறவனுக்கு அந்த இடம் சொந்தம். அப்படியானால் குடைக்கு வரி கட்டுகிறவனுக்குக் குடை சொந்தமா இல்லையா? சொந்தம் என்று ஒருமனதாக முடிவானது.

குடை வரி நாகையனுக்கு விழுந்தது. அவன் பனையோலையில் ஒரு குடை கட்டினான். சின்னக் குடை என்றால் வரிக்குக் கட்டுபடியாகாது என்று, நாலு ஆள் நிற்கிற அளவுக்குக் கட்டினான். அதைத் தோணியிலும் பிடித்துக்கொண்டு போனான். கச்சான் காற்று குடைக்குள் புகுந்து தோணியைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மணல் திட்டில் ஏற்றியது. தோணியைத் தள்ளப் போனவர்களிடம், முதலில் குடையைப் பிடியுங்கள் என்றானாம்.

நாட்டாருக்குப் பல்லக்கு விழுந்தது. கட்டுமரத்தில் இரண்டு மரத்தைப் பிரித்து, வலையைக் கட்டி, பல்லக்கு தயாராகிவிட்டது. ஏறி உட்கார்ந்தும் விட்டார். சுமக்க ஆள் வேண்டுமே. குப்பத்தில் இருக்கிற எல்லாரும் ஏதோ ஒன்றுக்கு வரி கட்டியவர்கள். குதிரை வரி கட்டியவன் பல்லக்குச் சுமப்பானா? நாட்டார் வெயில் ஏறுகிற வரைக்கும் தரையிலேயே பல்லக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கி நடந்து வீட்டுக்குப் போனார்.

எனக்கு விழுந்தது பொய்முடி. வலை பின்னுகிற சணல் நூலைச் சுருட்டிச் சுருட்டி, அரிசி மாவு பூசி, நானே ஒன்று செய்தேன். அதை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். தேசம்மா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்ததும் கிடையாது. அன்றைக்குத்தான் முதல் முறையாக முழுசாகப் பார்த்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவள் தலையில் நான் தட்டும்படி ஆகிவிட்டது. அந்த வருஷம் சோற்றுக்கு இல்லாத வருஷம். ஆனால் எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு பிறகு எந்த வருஷத்திலும் இருந்ததில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வருஷம் துணிக் கப்பல் வந்தது. கோட்டை வாசலில் மறுபடி தமுக்கு. புது வரிகள் எல்லாம் ரத்து. ஊரே வெடி போட்டது, பள்ளிவாசல் தெருவில் நூறு குடை விரிந்தது. நம் குப்பத்தில் மட்டும் எழவு வீடு மாதிரி. கடைசியில் நாட்டார் ஒரு தீர்ப்பு சொன்னார். துரைக்கு வேண்டாமென்றால் போகட்டும், வரியை நமக்கு நாமே கட்டிக்கொள்வோம். அதை இன்றைக்கும் விடாமல் நடத்துகிறீர்கள்.

நெசவாளர் தெரு மறுபடி எழுந்தது, எனக்கு மட்டும் கடன் கழுத்தை நெரித்தது. தேசம்மாவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டேன். ஆனாலும் வருஷா வருஷம் எனக்காகப் பானையில் கையை விட்டு, குப்பண்ணன் எனக்கு விழுந்ததை எழுதி அனுப்பினார். என் பங்குக் கருவாட்டை அவரே கட்டிவிடுவார், நான் கிராம்பு அனுப்புவேன். ஒரு வருஷம் கண்ணாடி வரி விழுந்தது. கண்ணாடிக்காரன்தான் ஊரில் யாரையாவது பார்த்து, இன்னா இப்படி இளைச்சிட்டே என்று கேட்கலாம். நான் இல்லாததால் அந்த வருஷம் ஊரில் யாரும் இளைக்கவில்லை. இன்னொரு வருஷம் கடிகார வரி. கோட்டை மணி அடித்தாலும், நம் குப்பத்தில் மணி என்ன என்று சொல்கிற உரிமை கடிகாரம் எடுத்தவனுக்கு மட்டும். யாராவது மணி கேட்டால், சாமிக்கண்ணைக் கேளு என்று கடலைக் காட்டுவார்களாம். அதைப் படித்த நாள் முதல், இங்கே மத்தியானம் ஏலம் முடிந்ததும் கரைக்குப் போய் நம் ஊர்ப் பக்கம் திரும்பி நின்று, உச்சிப் பொழுது என்று கூவிவிட்டு வருவேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். இருக்கட்டும். என் வேலையை நான் செய்தேன்.

5

மேலே எழுதியதை முடித்து வைத்து நான்கு நாள் ஆகிறது. இன்று மரைக்காயர் கப்பல் வந்தது. குப்பண்ணன் கடிதம் என் கைக்கு வந்தபோது நான் ஏலத்தின் நடுவில் இருந்தேன். ஒரு கூடை கெளுத்தியை என்ன விலைக்கு விட்டேன் என்றே தெரியாது. வாங்கியவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான்.

உடனே பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தேசம்மாவிடம் நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எனக்கும் அது தெரியும். அவள் அதை வாங்கி, கையில் எடை பார்த்து, கெட்ட சேதி இவ்வளவு கனம் இருக்காது, பிரி என்று திருப்பிக் கொடுத்தாள்.

நடந்தது இது. குலுக்கல் நாளில் பாதிப் பேர், கடல் தாண்டியவர்களை எடுத்துவிடு என்றார்கள். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். கைகலப்பு வரை போயிருக்கிறது. அதே கூட்டத்தில் காலம் கெட்டதால் புதிதாக ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. நாய் வரி. அதை எடுக்கிறவனுக்கு வழக்கப்படி குப்பத்து நாய் எல்லாம் சொந்தம். அதாவது, எந்த நாய் என்ன செய்தாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். யாரும் பானைக்குள் கையை விடவில்லை. பொழுது சாய்கிற வரை பானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், இப்போது நாட்டாராக இருக்கும் நாகையன் எழுந்து கேட்டாராம்:

"சாமிக்கண்ண எடுத்துட்டா, இத யார் தலையில கட்றது?"

அதோடு பேச்சு முடிந்தது. கடல் தாண்டியவர்கள் எல்லாருடைய பெயரும் நின்றுவிட்டது. நாய் எனக்கு.

நான் சத்தமாகச் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். தேசம்மா அவர்களிடம், எங்க வூட்டுக்காரருக்கு ஊருல வரி போட்டுட்டாங்க என்று சொல்லி ஆளுக்கொரு கை புட்டு கொடுத்தாள். அவர்கள் புரியாமல் எங்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடிதத்தின் அடுத்த பக்கம் முழுக்கப் புகார்கள். இதைப் படிக்கிறவர் இங்கே கொஞ்சம் நிறுத்தி, சம்பந்தப்பட்டவர்களை முன்னால் வரச் சொல்லவும்.

எல்லம்மாக்கா, நீங்கள் காயப்போட்ட நெத்திலியில் பாதியை என் நாய் தின்றதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மிச்சம் பாதியை நீங்கள் பத்திரப்படுத்தியதற்கு நன்றி. கோட்டைத் துபாஷி ஐயா, உங்கள் செருப்பில் ஒன்றைத் தூக்கிப் போனது கறுப்பா, செவலையா என்று தெரிந்தால் நான் தக்கபடி கண்டிப்பேன். நாட்டாரே, நீங்களே என் தலையில் கட்டிவிட்டு நீங்களே புகாரும் சொல்வது நியாயமா? உங்கள் தோணியில் என் நாய் நான்கு குட்டி போட்டதால் எட்டு நாள் தொழிலுக்குப் போக முடியவில்லை என்கிறீர்கள். பெற்றவளை எழுப்ப உங்களுக்கு மனசு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். குட்டிகள் எனக்குச் சேர்ந்தவை. யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

இதை எழுதும்போது நாகு பின்னால் வந்து நின்றாள். எதற்கு நாய் என்று இத்தனை முறை எழுதுகிறாய் என்றாள். நமக்குப் பழவேற்காட்டில் நாய் இருக்கிறது என்றேன். எத்தனை என்றாள். குப்பண்ணன் எண்ணிக்கை எழுதியிருந்தார். குட்டிகளோடு இருபத்தொன்று என்றேன். அவள் மலாயில் ஏதோ சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எது என்ன நிறம், எதற்கு என்ன பெயர், எந்தக் குட்டி முதலில் கண் திறந்தது என்று கேட்க ஆரம்பித்தவள், விளக்கேற்றிய பிறகும் நிறுத்தவில்லை. பசிக்காமலே இவ்வளவு தமிழ் பேசி நான் இதுவரை கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை இட்டுக்கட்டினேன். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"மழ வந்தா அதுங்க எங்க நைனா படுக்கும்?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரையில் நமக்கென்று ஒரு தோணி கவிழ்த்துப் போட்டிருக்கும், அதற்கு அடியில் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பிவிட்டாள்.

ஊராரே, நான் விட்டுவந்த தோணி இப்போது யார் கையில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு பழைய தோணியாக இருந்தாலும் சரி, ஓட்டையாக இருந்தாலும் சரி. அடுத்த மழைக்கு முன்னால் அதைக் கரையேற்றி, உள்ளே குட்டிகள் நுழைகிற மாதிரி ஒரு பக்கம் கல் வைத்துத் தூக்கிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இதை உதவியாகக் கேட்கவில்லை. வரி கட்டுகிறவன் கேட்கிறேன்.